தேவாலா தங்கச் சுரங்கம், 1880: எந்த ரூல்ஸ் சிஸ்டம் தாங்கும்?

கோடநாடு_பனி

வணக்கம். கோத்தகிரியில் என்னையும் சேர்த்து ஐந்து பேர், வாரம் ஒரு மாலை, ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையில் கதை ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டம் ஆடுகிறோம். நான் ஜிஎம், அதாவது கதையை நடத்துபவர். இதுவரை ஆடியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5-ம் பதிப்பு, 2014 புத்தகம்.

அடுத்த கதைக்களம் நீலகிரியின் தேவாலா–பந்தலூர், 1880, தங்கக் காய்ச்சல் உச்சத்தில். லண்டனில் கம்பெனி தொடங்கிப் பங்கு விற்கிறார்கள், இங்கே குவார்ட்ஸ் பாறையை இடித்துப் பார்த்தால் தங்கம் போதவில்லை, கணக்குப்பிள்ளை ஒருவர் காணாமல் போகிறார். முக்கால் பங்கு துப்பறிதல், கால் பங்கு சண்டை, கடைசியில் குன்னூர் மலை ரயிலில் ஒரு துரத்தல்.

எங்கள் நிலவரம்: இரண்டரை மணி நேரம்தான், அதற்குமேல் கடைசி பஸ் போய்விடும். இரண்டு பேர் புதியவர்கள். பாத்திரத்தின் திறமைகளை எழுதும் ஷீட் தமிழில் ஒரே பக்கமாக இருக்கணும். மழை பிடித்தால் கரண்ட் போகும், அதனால் போன் ஆப்பை நம்ப முடியாது. பகடை ஒரே ஒரு ஏழு உருப்படி செட். வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு ஜோடி இருக்கிறது.

5-ம் பதிப்பையே வளைப்பதா, கால் ஆஃப் கதுல்ஹு 7-ஆ, அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழியில் வந்த 2டி6 ஆட்டமா (டி6 என்றால் ஆறு பக்கப் பகடை, 2டி6 என்றால் அதில் இரண்டு), சாவேஜ் வேர்ல்ட்ஸா? எது உசத்தி என்று கேட்கவில்லை. எது எந்த இடத்தில் உடையும் என்று சொல்லுங்கள்.

நூற்றுக்கு_ஒன்று

முதலில் ரயிலை விட்டு இறங்குங்கள். மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-ல், ஊட்டியை 1908-ல். அதுவும் போக, தேவாலாவில் திருடியவன் எதற்குக் குன்னூர் வருகிறான்? நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு இறங்கிவிடுவான். மாட்டு வண்டித் துரத்தலாக வையுங்கள்.

முக்கால் பங்கு துப்பறிதல் என்றால் என் ஓட்டு 1 முதல் 100 வரை விழும் டி100-க்கு, அதாவது கதுல்ஹு 7. அது திகில் ஆட்டம், ஆனால் பூதத்தை எடுத்துவிட்டாலும் ரூல்ஸ் நிற்கும். ஷீட்டில் ‘கணக்கு வழக்கு 45’ என்று இருந்தால் 45-ஓ அதற்குக் கீழோ விழணும். பாதி 22, அது கடினம். ஐந்தில் ஒரு பங்கு 9, அது மிகக் கடினம். புதியவருக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. டி20-ல், அதாவது உங்கள் 5-ம் பதிப்பில், ‘+5, இலக்கு 15’ என்றால் 55 சதவீதம் என்பதை அவரே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கணும்.

உடைவது எங்கே என்றால், துப்புகளைச் சங்கிலியாகக் கோர்க்கும்போது. 45 திறமையோடு மூன்று ரோலும் அடுத்தடுத்து ஜெயிக்கணும் என்று வைத்தால், நூறு தடவையில் ஒன்பது தடவைதான் கதை முடிவுக்குப் போகும். ஆகவே துப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதற்கான விலையைப் பகடையிடம் விடுங்கள். ஆலைப் பேரேட்டைத் தேடுகிறார்களா, பேரேடு கிடைக்கும். ஜெயித்தால் யாருக்கும் தெரியாமல் எடுத்தாயிற்று. தோற்றால் வாசலில் மேஸ்திரி நிற்கிறார்.

தோற்ற ரோலை ஒருமுறை அழுத்தி மறுபடி போடலாம். ஆனால் இந்தத் தடவை வேறு என்ன செய்கிறேன் என்று ஆடுபவர் சொல்லணும். மறுபடியும் தோற்றால் என்ன மோசமாகும் என்று நீங்கள் எச்சரிக்கணும். சண்டையிலும், மனநிலை ரோலிலும், அதிர்ஷ்ட ரோலிலும் இந்தச் சலுகை கிடையாது.

டி20 பழக்கத்தில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இதில் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 11, 12-தான். கிட்டத்தில் வெடித்த 12 போர் ஷாட்கன் 4டி6, சராசரி 14. சொல்லாமல் விட்டால் முதல் சண்டையிலேயே மனஸ்தாபம்.

செட்டில் இருக்கும் இரண்டு டி10 போதும். ஆளுக்கொரு ஜோடி வேண்டுமென்றால் 0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டு, ஒரு பை. பத்துகள் இலக்கத்துக்கு ஒன்று எடுத்து, திரும்பப் போட்டுக் குலுக்கி, ஒன்றுகளுக்கு இன்னொன்று. திரும்பப் போட மறந்தால் 11, 22, 33 எல்லாம் ஆயுசுக்கும் வராது. ஷீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். நம்ம ஊர் ஈரத்துக்கு ஜெல் பேனா ஊறிவிடும்.

தாயம்_விழுந்தது

வீட்ல தாயக்கட்டை வச்சுக்கிட்டு சீட்டு குலுக்கணுமா?

2டி6 ஆட்டத்துல 10-ம் அதுக்கு மேலயும் முழு வெற்றி, 7 முதல் 9 வரை ஜெயிச்சாலும் ஒரு விலை, 6-ம் அதுக்குக் கீழயும் ஜிஎம் கையில. கூட்டல் எதுவும் இல்லாத ஆளுக்கு 36-ல 6, 15, 15. சதவீதத்துல 17, 42, 42.

இப்ப ஒரு ஜோடி தாயக்கட்டை. ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் வெறுமை, மத்த மூணுல 1, 2, 3 புள்ளி. கூட்டினா 0 முதல் 6 வரை. 16 வாய்ப்புல 0-க்கு 1, 1-க்கு 2, 2-க்கு 3, 3-க்கு 4, அப்புறம் அதே மாதிரி 3, 2, 1-னு இறங்கும். 5, 6 முழு வெற்றி. 3, 4 விலையோட வெற்றி. 2-ம் கீழயும் தோல்வின்னு பிரிச்சா 16-ல 3, 7, 6. அதாவது 19, 44, 37. 2டி6-க்கு ரொம்பப் பக்கம்.

சிக்கல் கூட்டல்லதான். 2டி6-ல +1 வாங்கினவனுக்குத் தோல்வி 28 சதவீதம். தாயக்கட்டையில அதே +1-க்குத் தோல்வி 19, முழு வெற்றி 37.5. கிட்டத்தட்ட 2டி6-ல +2 வச்ச மாதிரி. தாயக்கட்டையில +2 குடுத்தீங்கன்னா 16-ல ஒரு தடவைதான் தோக்கும், ஆட்டமே சப்புனு போயிடும். அதனால –1, 0, +1 மட்டும் வைங்க. லெவல் ஏறினா கூட்டல் ஏறக்கூடாது, புதுசா ஒரு திறமை குடுங்க.

இன்னொண்ணு, ரெண்டும் வெறுமையா விழுந்தா பழக்கதோஷத்துல எல்லாரும் ‘பன்னெண்டு’ன்னு கத்துவாங்க. இங்க அது பூஜ்யம், இருக்கறதுலயே மோசமான விழுக்காடு. 1 விழுந்தா ‘தாயம்’னு சந்தோஷப்படவும் முடியாது, இன்னொரு தடவை உருட்டவும் கூடாது. முதல் நாள் இதுலயே அரை மணி போகும்.

பழைய கட்டையா இருந்தா ஓரம் தேஞ்சிருக்கும். ஒவ்வொண்ணையும் 80 தடவை உருட்டி எழுதுங்க. ஒரு பக்கத்துக்கு 20 சுமாரா வரணும். 30-ஐத் தாண்டினா அந்தக் கட்டை வேண்டாம். மேசையில உருண்டு ஓடும், கம்பளியை விரிச்சுக்கோங்க.

உடையற இடம்: பத்துக்கு நாலு தடவை ‘ஜெயிச்சே, ஆனா…’ன்னு நீங்க விலை சொல்லணும். முன்னாடியே இருபது விலை எழுதி வைக்கலைன்னா எட்டு மணிக்கு மூளை வத்திடும். விளக்குல எண்ணெய் தீர்ந்துது. மழை தடத்தை அழிச்சிடுச்சு. அட்டை கடிச்ச கால்ல பூட்ஸ் போட முடியல. மஞ்சு இறங்கி, கூட வந்தவன் எங்கன்னு தெரியல. எல்லாத்தையும் அடியாவே குடுத்தா சலிச்சுப்போகும்.

கதையைப் பத்தி ஒரு வார்த்தை. அங்க இருக்கற பழங்குடி குறும்பரை மந்திரவாதியாக்கிப் பயம் காட்ட வேண்டாம். அந்தப் பழியைச் சுமத்தியே அந்த நூற்றாண்டுல அவங்களைக் கொன்னிருக்காங்க. உங்க வில்லன் லண்டன்ல பங்கு விக்கறவன், அவன் போதும்.

பதினெட்டாம்_வளைவு

டி20-ஐ வேகமாக்குவது அப்படியொன்றும் கடினமில்லை. மெதுவாவது ஏன் என்று கணக்குப் போட்டாலே தெரியும். ஓகர் என்ற ராட்சதனுக்கு ஹெச்பி 59, ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 11. +5 வைத்திருப்பவர் 75 சதவீதம் அடிப்பார், 1டி8+3 சராசரி 7.5, ஒரு முறைக்கு 5.6. நான்கு பேர் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 22.5. ஆக மூன்று சுற்று. ஆளுக்கு இரண்டு நிமிடம், ஓகருக்கும் இரண்டு, மொத்தம் அரை மணி. இரண்டு ஓகர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காலி. ஹெச்பியைப் பாதியாக்குங்கள், எதிரியின் அடிக்குப் பகடை போடாமல் சராசரியை எடுங்கள், முறையை உட்கார்ந்த வரிசைக்கே விடுங்கள். நேரம் பாதியாகும்.

ஆனால் 1880-க்கு இதை நான் சொல்ல மாட்டேன். மந்திரத்தை எடுத்துவிட்டால் புத்தகத்தில் பாதி போச்சு. மிச்சம் இருக்கும் 5-ம் லெவல் ஃபைட்டருக்கு, கான் (உடல் உறுதி) +2 என்றால் ஹெச்பி 44. ரிவால்வர் 2டி8, சராசரி 9. நான்கு குண்டு வாங்கிக்கொண்டு நின்று பேசுவான், ஐந்தாவதில்தான் விழுவான். அவனை வைத்துக்கொண்டு எந்த மேஸ்திரி யாரை மிரட்டுவது?

எமரால்டு_ஏரி

சாவேஜ் வேர்ல்ட்ஸ் பற்றி யாரும் பேசவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். அடிதடிக்கு அருமை, விசாரணைக்குச் சுமார். உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டுவதால் ஒரு கோணல் உண்டு: 6-ஐ எட்ட டி4-க்கு 18.75 சதவீதம், டி6-க்கு 16.7. திறமை குறைந்தவனுக்கு வாய்ப்பு கூடுதல்! இலக்கு பெரும்பாலும் 4 என்பதால் அடிக்கடி தட்டாது. உங்களுக்கு அதைவிடப் பெரிய தடை பகடைதான். ஒரே செட்டை நான்கு பேர் கைமாற்றிக்கொண்டிருக்க முடியாது.

கோடநாடு_பனி

எல்லோருக்கும் நன்றி. ரயிலை இறக்கிவிட்டேன். விசாரணைக்கு டி100, துரத்தலுக்கு மட்டும் தாயக்கட்டை என்று பிரிக்கலாமா?

நூற்றுக்கு_ஒன்று

வேண்டாம். கதை சூடாகும் நேரத்தில் புதியவர்கள் இரண்டு பேரும் ‘இப்போ பெரிசு விழணுமா, சிறிசு விழணுமா’ என்று கேட்பார்கள். டி100-லேயே இருங்கள். பிளேட்ஸ் இன் த டார்க் ஆட்டத்தின் வட்டத்தை மட்டும் இரவல் வாங்குங்கள். அது எந்த ரூல்ஸோடும் ஒட்டும்.

தாளில் துண்டுகளாகப் பிரித்த இரண்டு வட்டம், எது முதலில் நிரம்புகிறதோ அது நடக்கும். ‘நாம் வண்டியைப் பிடிக்கிறோம்’ 6 துண்டு. ‘அவன் காட்டுக்குள் மறைகிறான்’ 4 துண்டு. ஆளுக்கொரு ரோல்: சாதாரண வெற்றிக்கு நம் வட்டத்தில் 1, கடின வெற்றிக்கு 2, மிகக் கடின வெற்றிக்கு 3, தோல்விக்கு அவன் வட்டத்தில் 1. திறமை 45-ஆக இருந்தால் நம் வட்டம் நிரம்ப எட்டு ரோல் சுமார், அவனுடையது நிரம்ப ஏழு சுமார். இழுபறி, இரண்டு சுற்றில் முடிந்துவிடும். அவன் வட்டத்தையும் 6 ஆக்கினால் உங்கள் ஆட்கள் சுலபமாகப் பிடித்துவிடுவார்கள். தோல்விக்கு 2 என்று வைத்தால் பிடிக்கவே மாட்டார்கள்.

ஒரே ஆள் ‘வண்டி ஓட்டுதல் 70’ வைத்துக்கொண்டு எல்லா ரோலையும் தானே போடப் பார்ப்பார். ஒரு திறமையைத் துரத்தலில் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். அப்போதுதான் இன்னொருவர் மாட்டை அதட்டுவார், ஒருவர் குறுக்குப் பாதை கேட்பார், ஒருவர் சக்கரத்துக்குக் கட்டை போடுவார்.

தாயம்_விழுந்தது

வட்டத்தை நிரப்பப் பென்சில் வேண்டாம், புளியங்கொட்டை வைங்க. மெழுகுவத்தி வெளிச்சத்துல அதுதான் கண்ணுக்குத் தெரியும்.