வலி மாத்திரை போட்டால் சிலுவையைத் தள்ளிவிடுவதாகுமா?

நெல்லைக்காரி:

எனக்கு முடக்குவாதம், டாக்டர்கள் ஆர்.ஏ. என்பார்கள். விடிந்ததும் விரல்கள் மடங்கியபடியே இறுகிக் கிடக்கும். வெந்நீரில் முக்கி ஒவ்வொன்றாக நீட்டிவிட்டால்தான் பிரஷைப் பிடிக்க முடியும். மாவு டப்பாவை மகன்தான் திறந்து தருகிறான். முழங்கால் போட முடியாததால் திருவிருந்தை நின்றே வாங்குகிறேன்.

வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், தாங்க முடியாத நாளில் வலி மாத்திரை. இதைப் பார்த்து பெண்கள் ஐக்கியத்தில் ஒரு அக்கா, "ஆண்டவரே சிலுவையில் வலி தெரியாமலிருக்கக் கொடுத்த வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை வேண்டாமென்றார், நீ மாத்திரை மாத்திரையாய் விழுங்குகிறாயே" என்றார். இன்னொருவர், விசுவாசம் இருந்தால் என்றைக்கோ சுகமாகியிருக்கும் என்கிறார். இரண்டும் மனதில் தைத்துவிட்டது.

கொலோசெயர் 1:24-ல் பவுல், கிறிஸ்துவின் உபத்திரவங்களில் குறைவானதைத் தன் மாம்சத்திலே நிறைவேற்றுவதாகச் சொல்கிறாரே. என் விரல் வலிக்கும் அதில் இடம் உண்டா, இல்லை இது வெறும் நோய்தானா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:

சகோதரி, முதலில் ஒன்று: மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

தொழுநோய் வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். வலி இல்லாத உடம்பு எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். கொதிக்கிற டீ டம்ளரைச் சாவகாசமாகப் பிடித்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். கொப்புளத்தை நாங்கள்தான் காட்டுவோம். செருப்பில் ஆணி ஏறியிருந்தாலும் தெரியாது. அதனால் சாயங்காலமானால் ஒவ்வொருவர் பாதத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். நோய் விரலை அழுக வைக்கிறது என்றே எல்லாரும் நம்பியிருந்த காலத்தில், உணர்வு போன கையும் காலும் தெரியாமல் படுகிற காயங்கள்தான் பெரும்பாலும் காரணம் என்று எடுத்துக்காட்டியவர் வேலூர் சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிகளுக்குப் பிறந்தவர். வலி கடவுள் தந்த கொடை என்று அவர் சொன்னதை நான் முழுசாக நம்புகிறேன்.

ஆனால் அது உடம்பைக் காக்கிற வலி. உங்களுடையது வேறு. உங்கள் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது. மெத்தோட்ரெக்ஸேட் அந்தத் தாக்குதலை அடக்கி, மூட்டு அரித்துப்போகாமல் பார்க்கிறது. அதைப் போடுவது கர்த்தர் தந்த கையைப் பேணுவதுதான்.

அந்த அக்கா மாற்கு 15:23-ஐச் சொல்கிறார். சரி, அதற்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கெஞ்சினது யார்? கடைசியில் தாகமாயிருக்கிறேன் என்று சொல்லி, கொடுத்த காடியை வாங்கிக்கொண்டது யார்? தம்மிடம் வந்த ஒரு நோயாளியிடமாவது "இதை நீ சுமந்துகொள்" என்று அவர் சொன்னதாகச் சுவிசேஷத்தில் இருக்கிறதா? நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெய் வார்த்துக் கட்டினான், பிரசங்கம் பண்ணவில்லை.

விசுவாசம் குறைவு என்பவரிடம் பவுலின் மாம்சத்தில் குத்தி வாட்டிய முள்ளைப் பற்றிக் கேளுங்கள். மூன்று தரம் வேண்டியும் அது எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கா விசுவாசம் குறைவு?

குமரி வாசகர்:

நான் கத்தோலிக்கன். கொலோசெயர் வசனத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984 பிப்ரவரி 11-ல் துன்பத்தைப் பற்றியே ஒரு மடல் எழுதினார். 1981 மே மாதம் குண்டடி பட்டுப் படுத்துக் கிடந்தவர், வெளியே நின்று பேசவில்லை. கிறிஸ்துவின் மீட்பில் குறை ஒன்றுமில்லை, ஆனால் தம் பாடுகளில் நாமும் சேர அவர் இடம் விட்டிருக்கிறார் என்பது திருத்தந்தை தரும் விளக்கம். நல்ல சமாரியனையும் அதே மடலில் விரிவாகப் பேசுகிறார். ஆகவே வலியைப் பிறருக்காகக் கடவுளிடம் ஒப்புக்கொடுப்பதும் வலிக்கு மருந்து தேடுவதும் எதிரெதிர் இல்லை.

நான் டயாலிசிஸில் இருக்கிறேன். கையில் பெரிய ஊசி இறங்கும்போது, அடுத்த கட்டிலில் இருக்கும் காலேஜ் பையனுக்காக அதை ஒப்புக்கொடுக்கிறேன். வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் என்னையே நினைத்து நொந்துகொண்டு கிடப்பது குறைந்திருக்கிறது. உங்கள் விரலுக்கும் அதில் இடம் உண்டு, அம்மா.

நெல்லைக்காரி:

இரண்டு பேருக்கும் நன்றி. காலையில் வெந்நீரில் கை வைக்கும் நேரத்தில் அந்தப் பையனையும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் சில நாள் ஜெபமே வருவதில்லை, அழுகையும் கோபமும்தான் வருகிறது. அந்த நாளில் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற நர்ஸ்:

சங்கீதம் 88-ஐச் சத்தமாக வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எப்படியோ துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்றே முடிகிறது. அதையும் வேதத்தில் ஜெபமாகத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் வார்டில் ஒரு பாட்டி அதைத்தான் கேட்டுக் கேட்டு வாசிக்கச் சொல்வாள்.