ஜிம் முடிந்து இரவு பத்தரைக்கு என்ன சாப்பிடுவது?

ஈசூன்வாசி: என் எடை 64 கிலோ. நாலு மாதமாகப் பளு தூக்குகிறேன், சதை ஏறவில்லை. திரும்பும்போது கீழே பிராட்டா கடை மட்டும்தான் திறந்திருக்கும். இரண்டு கோசோங் (எதுவும் சேர்க்காத வெறும் பிராட்டா), கொஞ்சம் மீன் குழம்பு. அரை மணிக்குள் புரோட்டீன் பவுடர் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்கிறான் நண்பன். உண்மையா?

தேக்கா அண்ணன்: அரை மணிக் கணக்கை விடுங்க தம்பி. நாள் முழுக்க எவ்வளவு என்பதுதான் முக்கியம். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்றால் உங்களுக்கு நூறு கிராம் பக்கம். முட்டைக்கு 6 கிராம்தான். நான் ஞாயிறன்று தேக்கா சந்தையில் கோழி நெஞ்சுக்கறி வாங்கி, மிளகு போட்டு வேகவைத்து டப்பாவில் அடைத்துவிடுவேன். வெந்த 100 கிராமில் 30 கிராம் புரதம். செவ்வாய்க்கிழமை ரப்பர் மாதிரி இருக்கும். ரசம் ஊற்றினால் இறங்கிவிடும்.

மலர்: பிராட்டாவை ஏன் ஒதுக்கணும்? மாவுச்சத்தும் வேண்டும். கோசோங்குக்குப் பதில் முட்டை பிராட்டா வாங்குங்க.

ஈசூன்வாசி: சரி, இன்றைக்கு முட்டை இரண்டு!