மறு: சீனப் புத்தர் படிமங்கள் – ‘இரசப்பொன் முலாம்’ சரிவருமா?

> ‘பொன்வேய்ந்த வெண்கலம்’ என்றே வைக்கலாமே? கல்வெட்டிலேயே இருக்கும் சொல்.

சீனப் புத்தர் படிமங்களில் பாதரசம் சேர்த்துத் தங்கம் பூசும் முறைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு நீங்கள் சொன்னது நல்ல சொல்தான் ஐயா. ஆனால் தில்லையம்பலத்துக்குப் பராந்தகன் பொன் வேய்ந்தான் என்றால் கூரையும் தகடும்தான் மனதில் வரும். மிங் அரசர் யொங்லே காலத்துப் (1403–1424) புத்தர்களில் தகடும் கிடையாது, தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுகிற ரேக்கும் கிடையாது. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெண்ணெய்ப் பதத்தில் படிமத்தின் மேல் தடவி, தீயில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் மங்கிய மஞ்சளாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வழவழப்பான கல்லால் தேய்த்தால்தான் மினுக்கு வரும். பழைய படிமத்தைக் கிட்டத்தில் பார்த்தால், ஆடை மடிப்புக்குள் தங்கம் அப்படியே இருக்கும். முழங்காலிலும் மூக்கு நுனியிலும் தேய்ந்து பழுப்பு உலோகம் தெரியும்.

இந்த உரையாடலில் ஓர் அம்மையார் சொன்ன ‘சுடுபொன்’ காதுக்கு இனிமை. சுடுமண் வழக்கில் இருப்பதால் எளிதாக நிலைக்கவும் செய்யும். ஆனால் புடமிட்ட தங்கம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார், முலாம் என்கிற பொருளே போய்விடும்.

அதனால் என் ஓட்டு ‘இரசப்பொன் முலாம்’. இங்கே இரசம் என்றால் பாதரசம். மிளகு ரசம் நினைவுக்கு வரும் என்று ஒருவர் கிண்டல் செய்திருந்தார். வரட்டுமே! ‘ரசம் போன கண்ணாடி’ என்று சொல்லும்போது யாருக்கும் சாப்பாடு நினைவுக்கு வருவதில்லை.

வெறும் ‘தங்க முலாம்’ ஏன் போதாது? அது மின்சாரத்தால் பூசும் மின்முலாமையும் சேர்த்துக்கொள்கிறது. சேகரிப்பவருக்கு அந்த வேறுபாடுதான் உயிர். 2006இல் ஹாங்காங் ஏலத்தில் யொங்லே காலத்துச் சாக்கியமுனி புத்தர் படிமம் ஒன்று 11.66 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலிகளும் வரும். என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனையில் பாதரசம் தென்படுகிறதா என்று பார்ப்பது அதனால்தான். ஆனால் பாதரசம் இருந்தால் பழையது என்று ஆகிவிடாது. நேபாளத்துப் பாடனில் நேவார் கைவினைஞர்கள் இன்றும் இதே முறையில்தான் பூசுகிறார்கள். ஆகவே கலைச்சொல் செய்முறையை மட்டும் சொல்லட்டும், காலத்தைச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று பாக்கி. திபெத்தில் வழிபாட்டின்போது முகத்துக்கு மட்டும், தீ காட்டாமல், தங்கப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசுவார்கள். அதற்கு ‘பொற்சாந்து’ என்று குறித்து வைத்திருக்கிறேன். மாற்று இருந்தால் எழுதுங்கள்.