பர்கரை முதலில் போட்டது மெக்டொனால்ட்ஸா?

கல்லடி பர்கர்காரன்:
கல்லடியில் பின்னேரங்களில் சின்ன பர்கர் கடை போடுகிறேன். வருகிற பிள்ளைகள் எல்லாம் "இதை மெக்டொனால்ட்ஸ்தானே கண்டுபிடித்தது?" என்று கேட்கிறார்கள். சரியான பதில் சொல்ல ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

காத்தான்குடி வாசகன்:
இல்லை தம்பி. ஹம்பர்க் ஸ்டேக் என்ற கொத்திறைச்சி 19ஆம் நூற்றாண்டிலேயே நியூயோர்க் உணவகங்களில் இருந்தது. அதைப் பாணுக்குள் வைத்தது யார் என்பதில்தான் சண்டை. அமெரிக்காவின் நியூ ஹேவனில் உள்ள லூயிஸ் லஞ்ச் கடை 1900 என்கிறது, வேறு ஊர்களும் உரிமை கோருகின்றன.

அக்கரைப்பற்று அண்ணன்:
ஒரே பெயரில் பல கிளை போடுகிற பர்கர் கடைகளிலும் முந்தியது வைட் காஸில்தான். 1921, கன்சாஸில் விசிட்டா நகரம், ஒன்று 5 சதம். அரைத்த இறைச்சியைச் சனம் நம்பாத காலம் அது. அதனால் கடையை வெள்ளையாகக் கட்டி, கண்ணெதிரே சமைத்துக் கொடுத்தார்கள்.

மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948இல் சான் பெர்னார்டினோவில் செய்ததுதான் எனக்குப் பெரிய விசயம். பரிமாறுகிறவர்களை வேலையிலிருந்து நிறுத்தி, உணவுப் பட்டியலைச் சுருக்கி, பர்கரை 15 சதத்துக்கு விற்றார்கள். பிறகு புதுக் கடைக்கு டென்னிஸ் திடலில் சோக்கால் குசினியை வரைந்து, வேலையாட்களை அதற்குள் நடக்கவிட்டு, எது எங்கே இருக்கவேண்டும் என்று பார்த்தார்கள். மில்க்‌ஷேக் இயந்திரம் விற்ற ரே குரொக் 1955இல் தன் முதல் கிளையைத் திறந்து, 1961இல் 27 லட்சம் டொலருக்கு நிறுவனத்தையே வாங்கிவிட்டார்.

கல்லடி பர்கர்காரன்:
நன்றி அண்ணன். பணிஸ் வாட்டுகிற தட்டு எனக்குப் பின்பக்கம் இருக்கிறது, ஒவ்வொரு பர்கருக்கும் திரும்பவேண்டும். நாளைக்கே அதைக் கல்லுக்குப் பக்கத்தில் மாற்றுகிறேன்.