அரசு தரும் பஸ், வீட்டு விலைத் தரவை என் பக்கத்தில் போடலாமா? (சிங்கப்பூர்)

ஈசூன்_செல்வம் கேட்டது:

வணக்கம். நான் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நைட் ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் பைத்தான் படித்து வருகிறேன். அப்பா எங்களோடு ஈசூனில் இருக்கிறார். ஆங்கிலம் வாசிக்க வராது. ஞாயிறானால் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குக் கிளம்பிவிடுவார். நிறுத்தத்தில் நின்றுகொண்டு எனக்கு ஃபோன் செய்து, "பஸ் எப்போடா வரும்?" என்று கேட்பார்.

அவருக்காக ஒரு இணையப் பக்கம் செய்திருக்கிறேன். நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைப் போட்டால் அடுத்த மூன்று பஸ்கள் எத்தனை நிமிடத்தில் வரும், உட்கார இடம் உண்டா என்று பெரிய தமிழ் எழுத்தில் வரும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தரவுத் தளமான டேட்டாமாலில் பதிவு செய்து, தரவு கேட்பதற்கான சாவி (ஏபிஐ கீ) வாங்கித்தான் எடுக்கிறேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இன்னும் நாலைந்து பெரியவர்கள் கேட்டதால், பொதுவில் வைக்கலாம் என்று ஆசை. கீழே மினிமார்ட் வைத்திருப்பவர் ஒரு விளம்பரம் போட்டால் மாதம் கொஞ்சம் பணம் தருகிறேன் என்கிறார்.

இதற்கு யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? பணம் வாங்கலாமா? பெரியவர்கள் நம்ப வேண்டுமே என்று ஆணையத்தின் சின்னத்தை மேலே போட்டிருக்கிறேன். அது சரியா?

இன்னொன்று. நிறுத்தங்களின் பட்டியலை இறக்கினால் 500தான் வருகிறது. எங்கள் நிறுத்தம் அதில் இல்லவே இல்லை.

காப்பிக்கடை_மணி:

திறந்த தரவு என்றாலே எல்லோருக்கும்தான் தம்பி. போடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

மலர்_செங்காங்:

மணி அண்ணன் சொன்னதில் பாதி சரி. அனுமதி கேட்டு யாருக்கும் எழுத வேண்டாம். ஆனால் விதி இருக்கிறது. சின்ன விதிதான், ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் வாசித்துவிடலாம்.

டேட்டாமால் ஆகட்டும், 2011 முதல் இருக்கும் அரசின் பொதுத் தரவுத் தளமான டேட்டா.கவ்.எஸ்ஜி ஆகட்டும், இரண்டிலும் தரவு சிங்கப்பூர் திறந்த தரவு உரிமம் பதிப்பு 1.0-இன் கீழ்தான் வருகிறது. எடுக்கலாம், படி எடுக்கலாம், மாற்றலாம், அதை வைத்துச் செயலி செய்யலாம், அதில் சம்பாதிக்கவும் செய்யலாம். ஆகவே மினிமார்ட்காரரின் பணத்தைத் தாராளமாக வாங்குங்கள்.

பதிலுக்கு உங்களிடம் கேட்பது முக்கியமாக ஒரு வரி. எந்தத் தரவுத்தொகுப்பு, யார் வெளியிட்டது, எந்தத் தேதியில் எடுத்தீர்கள், எந்த உரிமத்தின் கீழ் என்று கண்ணில் படும்படி எழுதி, உரிமத்துக்கு இணைப்பும் தர வேண்டும். இதில் தேதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழைய கோப்பை நேற்று எடுத்தது மாதிரி காட்டினால் நம்பி வருகிறவருக்குத்தான் நஷ்டம்.

சின்னத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சின்னங்கள் அந்த உரிமத்தில் சேராது. அதோடு, இது அரசு செய்த பக்கம், அரசு ஆதரிக்கும் பக்கம் என்ற எண்ணம் வரும்படி எதையும் காட்டக்கூடாது. உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் தரவு தவறாமல் இருக்கும் என்று அந்த உரிமம் எந்த உறுதியும் தருவதில்லை. பஸ் வராமல் போனால் பெரியவர்கள் ஆணையத்தை அல்லவா திட்டுவார்கள்? "இது செல்வம் செய்த பக்கம்" என்று எழுதுங்கள். புளோக்கில் உங்களைத் தெரியாதவர் யார்?

500 விஷயம்: ஒரு முறை கேட்டால் டேட்டாமால் அவ்வளவுதான் தரும். முதல் எத்தனையைத் தாண்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்கிப் என்ற இடத்தில் 500, 1000, 1500 என்று ஏற்றிக்கொண்டே போங்கள், வெறும் பட்டியல் வரும்வரை. மொத்தம் 5,000 நிறுத்தங்களுக்கு மேல் உண்டு.

அப்புறம், சாவி. நான் முதன்முதலில் செய்த பக்கத்தில் சாவியை அப்படியே பக்கத்தின் நிரலுக்குள் எழுதிவிட்டேன். உலாவியில் மூலத்தைத் திறந்து பார்க்கிற எவருக்கும் அது தெரியும். என் சாவியில் யார் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வேறு சாவி வாங்கினேன். உங்கள் சாவி உங்கள் சர்வரில் மட்டும் இருக்கட்டும்.

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மானிட்டர்டு என்று ஒரு களம் வரும். 1 என்றால் வண்டி இருக்கும் இடத்தை வைத்துக் கணித்த நேரம். 0 என்றால் கால அட்டவணையை வைத்துச் சொல்வது. 0 வந்தால் "அட்டவணைப்படி" என்று அந்த நேரத்துக்கு அருகிலேயே எழுதிவிடுங்கள். வெயிலில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஈசூன்_செல்வம்:

ரொம்ப நன்றி அக்கா. சின்னத்தை எடுத்துவிட்டேன். ஸ்கிப் போட்டதும் எங்கள் நிறுத்தமும் வந்துவிட்டது.

இன்னொரு பகுதியும் செய்துவைத்திருக்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலை, டேட்டா.கவ்.எஸ்ஜியிலிருந்து எடுத்தது. 1990 முதல் உள்ள ஐந்து கோப்புகளையும் ஒட்டி ஒரே வரைபடமாகப் போட்டேன். எங்கள் புளோக்கில் போன வருடம் ஒரே ஒரு ஐந்தறை வீடுதான் விலைபோயிருக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியரின் வீடு. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அவர் பெயரையும் விலையோடு சேர்த்துப் போட்டால் ஆர்வமாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

மலர்_செங்காங்:

தம்பி, பெயரை மட்டும் போடாதீர்கள்.

அந்தக் கோப்பைத் திறந்து ஒரு வரியை நிதானமாகப் பாருங்கள். மாதம், நகர், புளோக், தெரு, பரப்பளவு, விலை எல்லாம் இருக்கும். வீட்டு எண் இருக்காது. மாடியைக்கூட 10 முதல் 12 என்று மூன்று மாடிகளாகச் சேர்த்துத்தான் தந்திருப்பார்கள். யார் வீடு என்று சட்டென்று தெரியக்கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் விட்ட எண்ணை நீங்கள் பெயராகக் கொண்டுவந்து நிரப்பினால், அது அரசு தந்த தரவாக இருக்காது, நீங்கள் சேர்த்ததாக இருக்கும். தனிநபர் விவரத்துக்கு உரிமமும் துணை வராது, அதில் தெளிவாகவே விலக்கியிருக்கிறார்கள். அதைவிட, அந்த ஆசிரியர் எவ்வளவுக்கு விற்றார் என்று தானாகச் சொன்னால் சரி. உங்கள் பக்கத்தில் பார்த்து நாலு பேர் கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்?

எனக்கு ஒரு யோசனை. புளோக் வாரியாகக் காட்டாமல் நகர் வாரியாக, வீட்டு வகை வாரியாக நடு விலையை (விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) காட்டுங்கள்.

வரைபடத்திலும் ஒரு சிக்கல். 2012 பிப்ரவரி வரை உள்ள கோப்புகள் விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்த தேதியில் கணக்கிட்டவை. மார்ச் 2012 முதல் பதிவான தேதி. ஒரே கோடாக இழுத்தால் அந்த இடத்தில் பொய் சொல்லும். அங்கே ஒரு கோடு போட்டு எழுதிவிடுங்கள். உறவினர்களுக்குள் நடந்த விற்பனை போல, முழுச் சந்தை விலையைக் காட்டாதவற்றையும் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். மீதமுள்ள குத்தகைக் காலம் 2015க்கு முந்தைய கோப்புகளில் இல்லை. குத்தகை 99 வருடம், அது தொடங்கிய வருடத்திலிருந்து விற்ற வருடம்வரை போனதை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், ஆனால் அது நீங்கள் போட்ட கணக்கு என்று சொல்லுங்கள்.

காப்பிக்கடை_மணி:

நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். மலர் சொல்வதையே செய்யுங்கள் தம்பி.

ஈசூன்_செல்வம்:

புளோக் பகுதியை நீக்கிவிட்டேன் அக்கா. நகர் வாரியாகப் பிறகு செய்கிறேன். பஸ் பக்கம் மட்டும் இன்று காலை வெளியே போய்விட்டது, அடியில் தேதியோடு அந்த வரியும் இருக்கிறது. அப்பா நிறுத்தத்திலிருந்து ஃபோன் செய்தார். முதல் பஸ்ஸுக்கு "நிற்க மட்டும் இடம்" என்று வந்ததாம். அதை விட்டுவிட்டு, "உட்கார இடம் உண்டு" என்று காட்டிய இரண்டாவது பஸ்ஸில் ஏறிவிட்டு, உட்கார்ந்துகொண்டுதான் பேசினார்.