காற்றாடி சுற்றோ சுற்று என்று சுற்றுகிறது, பேட்டரி மட்டும் இறங்குகிறது

உப்புக்காற்று:
வணக்கம். வாலிநோக்கம் பக்கம் வீடு, கடல் கூப்பிடு தூரம். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 540, 560 யூனிட் என்று வந்து கையைக் கடிக்கிறது. காற்றில் சொந்தமாகக் கரண்ட் எடுக்கலாம் என்று காயலான் கடையில் பழைய கார் டைனமோ (ஆல்டர்னேட்டர்தான்) ஒன்றைப் பிடித்து, 6 அங்குல பி.வி.சி. பைப்பை அறுத்து மூன்று இறக்கை மாட்டினேன். விட்டம் 6 அடி. மொட்டை மாடியில் 8 அடி ஜி.ஐ. பைப் மேல் நிற்கிறது. பேட்டரி 12 வோல்ட், 60 ஆம்பியர்-ஹவர்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்க ஆரம்பித்ததிலிருந்து நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் சாயங்காலம் 12.6 வோல்ட் இருந்த பேட்டரி காலையில் 12.1. லைட்டோ ஃபேனோ எதுவும் மாட்டவில்லை. டயோடு போய்விட்டதா? அப்புறம், ராத்திரியில் கூரை உறுமுகிறது. வீட்டுக்காரம்மா "அதை இறக்குறீங்களா, இல்ல நான் அம்மா வீட்டுக்குப் போகவா" என்கிறார்.

டைனமோ72:
அண்ணே, காற்று ஓய்ந்த நேரத்தில் ஏறி, டைனமோவின் பின்பக்க பேரிங் மேல் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்துப் பாருங்கள். இழுக்கிறதா?

உப்புக்காற்று:
இப்போதுதான் பார்த்தேன். லபக்கென்று ஒட்டிக்கொள்கிறது! இறக்கை அசையவே இல்லை, ஆனால் டைனமோ உடம்பு வெதுவெதுப்பாக இருக்கிறது.

டைனமோ72:
அதுதான் திருடன். கார் டைனமோவுக்குள் நிலைக்காந்தம் கிடையாது. உள்ளே இருக்கும் ஃபீல்டு காயிலுக்கு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தால்தான் காந்தமாகும். அந்த ஒயரை நீங்கள் நேரடியாக பேட்டரியில் கொடுத்திருக்கிறீர்கள். 3 ஆம்பியர் என்று வைத்தாலும் பத்து மணி நேரத்தில் 30 ஆம்பியர்-ஹவர், பாதி பேட்டரி காலி. காரில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம், இங்கே யார் அணைப்பது?

சரி, ஒயரில் சுவிட்ச் போட்டால் போதுமா என்றால், போதாது. விநாடிக்கு 5 மீட்டர் காற்றில் 6 அடி இறக்கை நன்றாக ஓடினால் நிமிடத்துக்கு 260 சுற்று வரும். கார் டைனமோ என்ஜின் ஐடிலில் நின்றாலே ஆயிரத்துக்கு மேல் சுற்றும். பெல்ட், புல்லி போட்டு ஏற்றலாம் என்பார்கள். அந்தக் காற்றில் கிடைப்பதே 50 வாட், அதில் ஃபீல்டு காயிலே 35 வாட் தின்றுவிடும்.

பழைய இ-ஸ்கூட்டரின் சக்கர மோட்டார் கிடைக்குமா பாருங்கள். அதில் காந்தம் நிரந்தரம். 48 வோல்ட்டில் 500 சுற்று ஓடும் மோட்டார் என்றால், 150 சுற்றிலேயே 14 வோல்ட் பக்கம் தரும். மூன்று தடித்த ஒயரையும் த்ரீ-ஃபேஸ் பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கு (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் டயோடு கட்டு) கொடுங்கள். ரெக்டிஃபையருக்கு முன்னால் அந்த மூன்றையும் ஷார்ட் செய்கிற மாதிரி ஒரு சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அதுதான் பிரேக். காற்று ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

பனங்காடு:
பிரேக் விஷயத்தை லேசாக விடாதீர்கள். பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கணக்குப் போடும் 5 மீட்டர் என்பது மணிக்கு 18 கிலோமீட்டர்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. 58-க்குப் போட்டுப் பாருங்கள், 30 மடங்குக்கு மேல் வருகிறது. பேட்டரி நிறைந்து கண்ட்ரோலர் (சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) இணைப்பைக் கழற்றிவிட்டால் காற்றாடிக்குக் கடிவாளமே இல்லை. பி.வி.சி. வெயிலில் காய்ந்து நொறுங்கும் சரக்கு வேறு.

அந்த உறுமல் மாடியில் நிறுத்தியதால் வருவது. வீட்டைச் சுற்றி மரம் உண்டா? வால் ஒரு திசையில் நிற்கிறதா?

உப்புக்காற்று:
தென்மேற்கே பத்துப் பனை வரிசையாக நிற்கிறது. வால் நிற்காது, சாமியாடுகிறது.

பனங்காடு:
அப்படியென்றால் காற்று மரத்தில் முட்டிச் சுழன்று வருகிறது. ஒரு நீள மூங்கிலில் மூன்று மூன்று அடிக்கு ஒரு துணிக் கிழிசல் கட்டித் தூக்கிப் பாருங்கள். எந்த உயரத்தில் துணி படபடப்பு நின்று நேராக விரிகிறதோ அதற்கு மேலேதான் காற்றாடி. வெளியே தரையில் தனிக் கம்பம் நட்டால் உறுமலும் போகும். பேரிங்குக்குப் படகுக்குப் போடும் கிரீஸ். காந்தத்தில் கீறல் விழுந்தால் உப்புக்காற்றில் துரு பூத்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எல்லாம் சரியாக அமைந்து, இரவு பகல் 5 மீட்டர் அடித்தாலும் நாளைக்கு ஒரு யூனிட் சொச்சம்தான், இரண்டு மாதத்துக்கு 70 யூனிட். கச்சான் போய் வாடை வருவதற்கு இடையில் அதுவும் இல்லை. ஆனால் உங்களுக்கு 500-க்குக் கீழே வந்தாலே பெரிய விஷயம். 500-ஐத் தாண்டினால் 101-லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுக்கும்கூட உயர்ந்த விலைதானே. வீட்டில் மூன்று பழைய ஃபேன் ஓடுகிறதா? 75 வாட் ஃபேனை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக (கரண்ட் குறைவாக இழுக்கும் காந்த மோட்டார் ஃபேன்) மாற்றினால், தினம் 12 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 97 யூனிட் மிச்சம். கம்பம் ஏற வேண்டியதில்லை.

உப்புக்காற்று:
ஃபீல்டு ஒயரைக் கழற்றினேன், இன்று காலையிலும் 12.6 அப்படியே நிற்கிறது. டைனமோ72 தம்பிக்கு நன்றி. ஃபேனை அடுத்த மாதமே மாற்றிவிடுகிறேன், அதில் வீட்டில் எதிர்ப்பு இல்லை. ஆனாலும் காற்றாடி ஆசை விடவில்லை. துணி 27 அடியில்தான் நேராக விரிந்தது. 30 அடிக் கம்பத்துக்கு ஒரு பக்க ஸ்டே கம்பியை (சாயாமல் இழுத்துக் கட்டும் கம்பி) பனையிலேயே கட்டலாமா?

பனங்காடு:
வேண்டாம் அண்ணே. காற்றில் பனையும் ஆடும்; கம்பி ஒரு நேரம் தொய்யும், ஒரு நேரம் வெட்டி இழுக்கும். மணல் தரை என்பதால் ஆழமாகக் குழி எடுத்து, ஸ்டே கம்பியின் அடிமுனையைக் காங்கிரீட்டில் புதையுங்கள். கம்பத்தை நிமிர்த்தும் அன்று நாலு ஆள் வேண்டும், கரண்ட் லைன் பக்கத்தில் இருக்கக் கூடாது, காலை ஆறு மணிக்குக் காற்று எழும்புமுன் முடித்துவிடுங்கள்.