கிரெப்பில் பாதி கோவிந்தன்கள்தான் கிடைக்கிறார்கள், உதவுங்கள்

வணக்கம். டர்பனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயிலின் பழைய நன்கொடைக் குறிப்பேடுகளை மூன்று பேர் சேர்ந்து டெக்ஸ்ட் ஃபைல்களாகத் தட்டச்சு செய்திருக்கிறோம். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள், பேரன்கள் பெயரெல்லாம் அதில் இருக்கிறது. தாத்தா பெயர் உண்டா என்று தினமும் யாராவது வந்து கேட்கிறார்கள்.

உபுண்டு லினக்ஸில் கிரெப் (ஃபைல்களுக்குள் சொல் தேடும் கட்டளை) கொண்டு தேடுகிறேன். அதில் ஒரு புள்ளி என்றால் ஏதாவது ஒரு குறி. முதலில் 'மு.சாமி' என்று கொடுத்தேன், ஒன்றும் வரவில்லை. 'னு' நமக்கு ஓர் எழுத்து, கணினியின் எழுத்துக் குறியீடான யூனிகோடில் னகரமும் உகரக் குறியுமாக இரண்டு. 'மு..சாமி' என்றதும் முனுசாமி, முனிசாமி எல்லாரும் வந்துவிட்டார்கள். சரி, அது புரிந்தது.

கோவிந்தனில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு ஃபைலில் கண்ணால் எண்ணினால் 9 பேர், கிரெப் காட்டுவது 5. பைட் பைட்டாகப் பார்த்தபோது, சில இடங்களில் ஓகாரக் குறி ஒரே குறியாக 3 பைட்டில் இருக்கிறது. மற்ற இடங்களில் இரட்டைக் கொம்பு தனி, கால் தனி, மொத்தம் 6 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன!

ஒவ்வொரு தேடலிலும் இரண்டு வடிவத்தையும் அடைப்புக்குறிக்குள் செங்குத்துக் கோடு போட்டு எழுதினால் கிடைக்கிறது. ஆனால் ஒகரம், ஔகாரத்துக்கும் இதே கதைதான். எல்லா ஃபைலையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மொத்தமாக மாற்றிவிடலாமா? எந்தக் கட்டளை பயன்படுத்துகிறீர்கள்? மூலத்தைத் தொடாமல் நகலில் மட்டும் செய்ய நினைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.